விதையா, வினையா?
1956ஆம் ஆண்டு அமெரிக்கத் திரைப்படம் ஒன்றை முன்வைத்துச் சில சிந்தனைகள்

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று சொன்னதும் அதே பெரியவர்கள்தான். இரண்டையும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் சொல்லுகிறோம். ஒன்றை ஒன்று வெட்டுகிறது என்பதைக் கவனிப்பதில்லை. குணம் பிறப்பிலேயே வந்துவிடுகிறது என்பது முதல் பழமொழி. குணம் வளர்ப்பில் வருகிறது என்பது இரண்டாவது. இந்த இரண்டு கட்சிக்காரர்களுக்கும் நடந்த ஒரு வழக்கு மாதிரி இருக்கிறது 'தி பேட் சீட்' என்ற பழைய ஆங்கிலப் படம். தலைப்பைத் தமிழில் 'கெட்ட விதை' எனலாம்.

சங்க மலருக்கு நான் வழக்கமாகக் கொடுப்பது நாலடியார், நீலகேசி, மேருமந்தர புராணம் என்ற வரிசையில்தான் இருக்கும். இந்த வருஷம் ஒரு கொலைப் படத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றதும், "நயினார் ஐயா, உங்களுக்கும் கொலைப் படத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று மலர்க் குழு நண்பர்கள் சிரித்தார்கள். சம்பந்தம் இருக்கிறது. கொல்லாமையை முதல் விரதமாக வைத்திருக்கிற ஒருவனுக்கு, கொலை எங்கிருந்து வருகிறது என்பதைவிடப் பெரிய கேள்வி கிடையாது. அதிலும் எட்டு வயதுக் குழந்தையின் கையிலிருந்து வருகிறது என்றால் கேட்காமல் எப்படி இருப்பது?

கதைச் சுருக்கம்

இந்தக் கதையை எழுதியவர் வில்லியம் மார்ச். அலபாமா மாநிலத்துக்காரர். முதல் உலகப் போரில் சண்டையிட்டவர். பிறகு கப்பல் கம்பெனி ஒன்றில் சேர்ந்து உயர்ந்த பதவி வரை போனவர். வியாபாரக் கணக்கும் எழுத்தும் ஒரே கையில் ஓடிய மனிதர் என்பதால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு. 1954 ஏப்ரலில் நாவல் வெளிவந்தது. மே மாதம் அவர் காலமானார். புத்தகம் அடைந்த புகழை அவர் பார்க்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் மேக்ஸ்வெல் ஆண்டர்சன் அதை நாடகமாக்கி நியூயார்க்கில் மேடையேற்றினார். 1956இல் மெர்வின் லெராய் படமாக எடுத்தார். நாடகத்தில் நடித்த முக்கியமானவர்கள் பலர் படத்திலும் நடித்தார்கள். தாயாக நடித்த நான்சி கெல்லி, மகளாக நடித்த பேட்டி மெக்கார்மக், பிள்ளையைப் பறிகொடுத்தவளாக நடித்த ஐலீன் ஹெக்கார்ட் ஆகிய மூவரும் ஆஸ்கார் பரிந்துரை பெற்றார்கள்.

ரோடா என்ற எட்டு வயதுச் சிறுமி. இரட்டைப் பின்னல், கஞ்சி போட்ட கவுன், பெரியவர்களைக் கண்டால் குனிந்து வணக்கம். பள்ளியில் கையெழுத்துக்காகக் கொடுத்த பதக்கம் அவளுக்குக் கிடைக்காமல் கிளாட் என்ற பையனுக்குப் போய்விடுகிறது. பள்ளிச் சுற்றுலாவில் அந்தப் பையன் ஏரியில் மூழ்கிச் சாகிறான். வீட்டுக்கு வந்த ரோடா தின்பதற்கு வாங்கிக்கொண்டு, சக்கரக் காலணி போட்டு விளையாடப் போய்விடுகிறாள். பிறகு பதக்கம் அவள் பொக்கிஷப் பெட்டியில் அகப்படுகிறது. லாடம் அடித்த செருப்பால் பையனை அடித்துத் தண்ணீரில் தள்ளினாள் என்பது தெரியவருகிறது. இதற்கு முன்பே, ஒரு கிழவி தன் காலத்துக்குப் பிறகு தருவதாகச் சொன்ன கண்ணாடி உருண்டைக்காக அவளையும் மாடிப்படியில் தள்ளியிருக்கிறாள்.

தாய் கிறிஸ்டீனுக்கு இன்னோர் இடி காத்திருக்கிறது. தான் வளர்ப்பு மகள் என்பதும், தன்னைப் பெற்றவள் பல கொலைகள் செய்த பெஸ்ஸி டெங்கர் என்பதும் அவளுக்குத் தெரியவருகிறது. பாட்டியின் விதை தன்னைத் தாண்டிப் பேத்தியிடம் முளைத்துவிட்டது என்று அவள் நடுங்குகிறாள். இந்த நடுக்கம்தான் படத்தின் முதுகெலும்பு. கொலை எதையும் நேரில் காட்டாமல், ஒரு வீட்டுக் கூடத்தின் நாலு சுவருக்குள் ஏறக்குறைய முழுக் கதையையும் நடத்தி நம்மைப் பயமுறுத்துகிறார்கள். அந்தத் திறமையை ஒப்புக்கொண்டுதான் பேசவேண்டும். இத்தனை வருஷம் கழித்தும் நெஞ்சு படபடக்கிறது.

சாட்சி பெட்டியிலேயே நிற்கிறது

கொலைகாரத்தனம் ரத்தத்தில் வரும் என்பது படத்தின் வாதம். அந்த வாதத்துக்கு எதிரான சாட்சியைப் படமே கூண்டில் ஏற்றி வைத்திருக்கிறது. அந்தச் சாட்சி கிறிஸ்டீன். கொலைகாரியின் வயிற்றில் பிறந்த மகள் ரோடா இல்லை, கிறிஸ்டீன்தான். அவள் எப்படி இருக்கிறாள்? ஓர் ஈயை அடிக்கவும் யோசிக்கிற மென்மையானவள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் சாவுக்கு அழுகிறவள். விதைதான் எல்லாம் என்றால் முதல் விளைச்சல் இவளாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? ஒரு தலைமுறை தாண்டி வரும் என்று படம் சமாதானம் சொல்லுகிறது. இது கணக்கில் உதைக்கிற இடத்தை 'இதர செலவு' என்று எழுதி மூடுகிற வேலை.

அன்பாக வளர்த்த தகப்பனால் கிறிஸ்டீன் நல்லவளானாள் என்று படம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் கதையின் பயம் போய்விடும்.

இது வெறும் சினிமாப் பயம் இல்லை. இதே நினைப்பு அமெரிக்காவில் சட்டமாக இருந்தது. 1927இல் கேரி பக் என்ற ஏழைப் பெண்ணுக்குக் கருத்தடை அறுவை செய்யலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவள் தாய், அவள், அவள் கைக்குழந்தை என்று மூன்று தலைமுறையும் அறிவு குன்றியவர்கள் என்பது காரணம். இப்படிப்பட்ட சட்டங்களால் அந்நாட்டில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை செய்யப்பட்டது. அந்தக் கைக்குழந்தை விவியன் வேறொரு வீட்டில் வளர்ந்து பள்ளிக்குப் போனாள். நன்றாகப் படித்த மாணவர்களின் பட்டியலில் அவள் பெயர் வந்தது. 1932இல் நோயில் இறந்துபோனாள். அப்போது அவளுக்கு வயது எட்டு. ரோடாவின் வயது. கற்பனையில் வந்த மூன்றாம் தலைமுறையை உலகம் முழுக்கத் தெரிகிறது. நிஜத்தில் வாழ்ந்த மூன்றாம் தலைமுறையை யாருக்கும் தெரியவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1871இல் வெள்ளைக்காரன் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். பிறந்த ஜாதியை வைத்தே குழந்தையைக் குற்றவாளிப் பட்டியலில் சேர்க்கிற சட்டம். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதற்கும் 1952இலும் அந்தச் சட்டம் ஒழிந்தது. நாம் குடியிருக்கும் இந்த அகமதாபாத்திலேயே குபேர்நகர் பக்கம் சாராநகர் இருக்கிறது. அந்தக் காலத்தில் சாரா சமூகத்தாரை அடைத்து வைத்த குடியேற்றம் அது. அங்கிருந்து வருகிறேன் என்றால் வேலை கிடைக்காது என்ற நிலைமையை நான் கடைத்தெருவில் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தச் சாராநகர் இளைஞர்கள்தான் 1998இல் புதன் தியேட்டர் என்ற நாடகக் குழுவைத் தொடங்கி, தங்கள் கதையைத் தாங்களே மேடையில் சொல்லிவருகிறார்கள். கெட்ட விதை என்று முத்திரை குத்தின நிலத்தில் என்ன முளைத்திருக்கிறது என்பதை, விருப்பமுள்ள அன்பர்கள் போய்ப் பார்க்கலாம்.

நூல் வியாபாரி சொல்லும் சாட்சியம்

ஆரணிப் பக்கத்திலிருந்து வந்து முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் நூல் வியாபாரம் பார்த்தவன் நான். நூலைப் போல சேலை என்பதில் உண்மை உண்டு. இருபதாம் நம்பர் நூலை வைத்து எண்பதாம் நம்பர் சேலை நெய்ய முடியாது. ஆனால் ஒரே மூட்டையில் பிரித்த சிட்டத்தை இரண்டு தறிக்காரரிடம் கொடுத்துப் பாருங்கள். ஒருத்தர் பதமாய்க் கஞ்சி போட்டு, பாவை நிதானமாக ஓட்டி, அறுந்த இழையை அப்போதைக்கப்போது முடிச்சுப் போட்டு நெய்வார். இன்னொருத்தர் அறுந்ததை விட்டுவிட்டுத் தறியை ஓட்டிக்கொண்டே போவார். இரண்டும் ஒரே நூல், இரண்டும் ஒரே சேலையா? பழமொழி சொன்னவர் நெசவாளியாக இருந்திருக்க முடியாது.

சமணமும் இதைத்தான் வேறு பாஷையில் சொல்லுகிறது. உயிர் தன் பழவினையைத் தானே சுமந்து வருகிறது. தாய் தகப்பன் கொடுப்பது உடம்பை. பாட்டி செய்த கொலையின் வினை பாட்டியைத்தான் தொடரும். பேத்தியின் கணக்கில் அதைப் பற்று எழுத முடியாது. கோத்திர கர்மம் என்று ஒன்று இருக்கிறதே என்று படித்தவர்கள் கேட்கலாம். உயிர் எந்தக் குடியில் பிறக்கும் என்பதை அதன் வினை தீர்மானிக்கிறது என்பதுதான் அதன் பொருள். குடி, உயிரின் குணத்தைத் தீர்மானிக்கிறது என்று பொருள் இல்லை.

"அப்படியானால் ரோடா தன் பழவினையால்தான் கொன்றாள், அவ்வளவுதானே? விதையை எடுத்துவிட்டு வினையை வைத்தீர்கள்" என்று ஒருவர் மடக்கலாம். நியாயமான கேள்வி. வினை தலையெழுத்து இல்லை. ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு என்று மூன்று சொல்லியிருக்கிறார்கள். வினை வந்து சேருகிறது, அதைத் தடுக்கலாம், வந்ததை உதிர்க்கலாம். தடுக்கவும் உதிர்க்கவும் முடியாது என்றால் விரதம் எதற்கு, அறவுரை எதற்கு, பள்ளிக்கூடம்தான் எதற்கு?

இன்றைய விஞ்ஞானமும் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் நிற்கிறது. பிறர் வலி உறைக்காத குணம் சில குழந்தைகளிடம் ஓரளவு பிறப்பிலேயே வருகிறது என்பதை இரட்டையர் ஆய்வுகள் காட்டியுள்ளன. அதை மறைக்கக் கூடாது. ஆனால் தத்தெடுத்த குடும்பங்களை வைத்து 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, அப்படிப்பட்ட சாய்வோடு பிறந்த குழந்தையையும் வளர்ப்புத் தாயின் அன்பான ஊக்கம் காக்கிறது என்று கண்டிருக்கிறது. நூல் உண்டு, தறியும் உண்டு.

இதை நான் பொழுதுபோக்குக்காக எழுதவில்லை. நம் வட்டாரத்தில் ஒரு தம்பதி, கலியாணமாகிப் பன்னிரண்டு வருஷமாகப் பிள்ளையில்லை. சட்டப்படி ஒரு பெண் குழந்தையைத் தத்து எடுக்கப் பெயர் கொடுத்திருந்தார்கள். "யார் பெத்ததோ, எந்த ரத்தமோ, நாளைக்கு நம்ம வீட்டுலயே கத்தி எடுத்தா என்ன பண்ணுவே?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்டுக் கேட்டு, அந்தப் பெண் என்னிடம் வந்து, "மாமா, நீங்க நிறையப் படிச்சவங்க, இது நிஜமா?" என்று கேட்டாள். இல்லை அம்மா, நிஜமில்லை. அந்தப் படமே அதற்குச் சாட்சி சொல்லுகிறது. கிறிஸ்டீனை நினைத்துக்கொள்.

ஆசையின் கணக்கு

ரோடாவுக்கு யார் என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்று படத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஆரம்பத்திலேயே பதில் இருக்கிறது. தகப்பனுக்கும் மகளுக்கும் ஒரு விளையாட்டு: ஒரு கூடை முத்தம் கொடுத்தால் பதிலுக்கு என்ன தருவாய் என்று கேள்வி, ஒரு கூடை அணைப்பு என்று பதில். கேட்க இனிமையாய்த்தான் இருக்கிறது. ஆனால் வியாபாரியின் காதுக்கு அது பேரமாகவும் கேட்கிறது. மாடி வீட்டு மோனிகா அம்மாள் வந்தால் பரிசு, தகப்பன் ஊருக்குப் போனால் பரிசு. பதக்கச் சங்கிலியில் கல்லை மாற்றித் தருகிறேன் என்றால், இரண்டு கல்லும் எனக்கே வேண்டும் என்கிறாள். எல்லோரும் சிரித்து, கெட்டிக்காரப் பெண் என்று மெச்சுகிறார்கள்.

இல்லறத்தாருக்குச் சொன்ன விரதங்கள் ஐந்து: கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை நயவாமை, மிகுபொருள் விரும்பாமை. கடைசியில் வைத்தார்களே தவிர, மிகுபொருள் ஆசைதான் பல சமயம் முதலில் கதவைத் திறக்கிறது. ரோடா ஆசைப்படுகிறாள், அதற்காகக் கொல்லுகிறாள், எடுத்துக்கொள்ளுகிறாள், பிறகு பொய் சொல்லுகிறாள். பெரியவர்கள் கொலையைப் பார்த்துத்தான் பதறுகிறார்கள். ஆசையைப் பார்த்தபோது கை தட்டினார்கள்.

தாயின் மௌனம்

படத்தில் என்னை அதிகம் உலுக்கியது கொலை இல்லை. கிளாடின் தாய் டெய்கிள் அம்மாள் குடித்துவிட்டு, தள்ளாடிக்கொண்டு வருகிற காட்சிதான். தன் பிள்ளை கடைசி நேரத்தில் எப்படி இருந்தான், அந்தப் பதக்கம் எங்கே போயிற்று, ஒரு வார்த்தை தெரிந்தால் போதும் அவளுக்கு. இரண்டாம் முறை அவள் வரும்போது பதக்கம் எங்கே இருந்தது என்பது கிறிஸ்டீனுக்குத் தெரியும். எதிரே நிற்கிறாள். வாய் திறக்கவில்லை.

ஒரு வினையைச் செய்யலாம், செய்விக்கலாம், செய்ததற்கு உடன்படலாம்; மூன்றும் வினையே என்று தத்துவார்த்த சூத்திரம் வகுக்கிறது. நம் யசோதர காவியத்தில் மாவினால் செய்த கோழியை அரசன் வெட்டுகிறான். அவன் செய்தவன். அன்பு மேலிட்டு அவனை வற்புறுத்திய தாய் சந்திரமதி செய்வித்தவள். இருவரும் பிறவி பிறவியாக அலைகிறார்கள். மூன்றாவதான உடன்படுதல் எப்படி இருக்கும் என்று எனக்கு விளங்கவைத்தது இந்த அமெரிக்கப் படம். லாடம் அடித்த செருப்பைப் பற்றி மகள் வாயாலேயே கேட்டபின் தாய் என்ன செய்கிறாள்? சீக்கிரம் கொண்டுபோய் எரித்துவிடு என்கிறாள். அந்த நொடியில் அவள் கதை மாறிப்போகிறது.

அதன் பலனும் படத்திலேயே இருக்கிறது. வீட்டு வேலையாள் லெராய் அந்தச் செருப்பைப் பற்றி ரோடாவைச் சீண்டிக்கொண்டே இருக்கிறான். நிலவறையில் மரச்சுருள் படுக்கையில் தூங்கும்போது அவனைத் தீ வைத்துக் கொன்றுவிட்டு, வீட்டில் உட்கார்ந்து பியானோ வாசிக்கிறாள் சிறுமி. கிளாட் செத்தது தாய்க்குத் தெரியாமல். லெராய் செத்தது தாய்க்குத் தெரிந்ததால், தெரிந்தும் சொல்லாததால். விதையைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறோம். இந்த மூடி மறைப்பை யாரும் பேசுவதில்லை. பையன் கடைக் கல்லாவில் கை வைத்தால் "சின்னப் பிள்ளைதானே" என்று கணக்கைச் சரிக்கட்டுகிற வீடுகள் நம்மிடம் இல்லையா?

இடி விழுந்த முடிவு

நாவலிலும் நாடகத்திலும் முடிவு வேறு. கிறிஸ்டீன் மகளுக்குத் தூக்க மாத்திரை கொடுத்துவிட்டுத் தன்னைச் சுட்டுக்கொள்ளுகிறாள். தாய் சாகிறாள். வெடிச் சத்தம் கேட்டு வந்தவர்களால் மகள் பிழைத்துக்கொள்ளுகிறாள். உண்மை தெரிந்தவள் போய்விட்டாள், தகப்பன் ஒன்றும் அறியாமல் மகளை அணைத்துக்கொள்ளுகிறான். படத்தில் இதற்கு இடம் கிடைக்கவில்லை. குற்றம் தண்டனை இல்லாமல் போகக் கூடாது என்பது அந்தக் காலத்து ஹாலிவுட் தணிக்கை விதி. அதனால் தாய் பிழைக்கிறாள். தண்ணீரில் எறிந்த பதக்கத்தைத் தேடி மழையில் ஏரிக்குப் போன ரோடாவின் தலையில் இடி விழுகிறது. அதோடு விடவில்லை. நடிகர்களை ஒவ்வொருவராக அறிமுகம் செய்து, தாயாக நடித்தவர் சிறுமியை மடியில் போட்டு அடிப்பதாக ஒரு வேடிக்கையும் காட்டி நம்மைச் சிரிக்கவைத்து அனுப்புகிறார்கள்.

இந்த முடிவில் எனக்குச் சம்மதமில்லை. வானத்திலிருந்து ஒருவன் இடியை எறிந்து கணக்குத் தீர்ப்பான் என்று சமணம் நம்பவில்லை என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. இடி விழுந்தால் பெரியவர்கள் எல்லோரும் தப்பித்துவிடுகிறார்கள். மெச்சியவர்களும் மறைத்தவளும் யாரும் எதற்கும் பதில் சொல்லவேண்டியதில்லை. குழந்தையை மட்டும் எரித்துவிட்டு விளக்கைப் போடுகிறார்கள். நாடகத்தின் முடிவு கசப்புத்தான், ஆனால் அது நேர்மையான கசப்பு. இந்தக் குழந்தையை இனி என்ன செய்வது என்ற கேள்வி உயிரோடு இருக்கிறது.

அந்தக் கேள்விக்கு நிஜ உலகம் ஒருமுறை பதில் தேடியது. 1968இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி, இரண்டு சின்னப் பையன்களைக் கொன்றதாகத் தீர்ப்பாயிற்று. பிறவியிலேயே கெட்டவள் என்றார்கள். கிட்டா செரனி என்ற எழுத்தாளர் அவள் கதையைத் தேடிப் போய் 1972இலும் 1998இலும் இரண்டு புத்தகங்கள் எழுதினார். அந்தச் சிறுமி தன் வீட்டிலேயே அனுபவித்த கொடுமைகள் அதில் வெளிவந்தன. 1980இல் அவள் விடுதலையானாள். பின்னாளில் ஒரு பெண் குழந்தைக்குத் தாயாகி, அவளை வளர்த்து ஆளாக்கினாள். இருவரின் அடையாளத்தையும் ஆயுள் முழுக்கக் காக்க 2003இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. செத்த இரண்டு பிள்ளைகளைப் பெற்றவர்களின் துக்கம் இதனால் ஆறிவிடாது. அதை மறக்கவும் கூடாது. ஆனால் இடி விழாமல் விட்டால் ஓர் உயிருக்கு உதிர்ப்புக்கும் வழி உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

'தி பேட் சீட்' படத்தை அன்பர்கள் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். ரோடாவைப் பார்த்துப் பயப்படுவது சுலபம். அந்தக் கூடத்தில் அவளைச் சுற்றி நிற்கிற பெரியவர்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பாட்டியின் ரத்தத்தைப் பற்றி அவர்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது. இரண்டு கல்லையும் கேட்டபோது ஒன்று போதும் என்று சொல்லியிருக்கலாம். செருப்பை எரிக்காமல் இருந்திருக்கலாம். டெய்கிள் அம்மாளுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லியிருக்கலாம்.